எம்.டி. வேலை பார்த்தவங்க வாங்க: இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கிற ஒரு டிக்டேஷன்

கால்பெடல்காரி

எம்.டி.ன்னா மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், டாக்டர் பேசி ரெக்கார்ட் பண்ணினதைக் கேட்டு டைப் அடிக்கற வேலை. நான் 2006 பேட்ச். மெட்ராஸ்ல ஆறு மாசக் கோர்ஸ், அப்புறம் அதே ஆளுங்க ஆபீஸ்லயே வேலை. கோர்ஸ் கதை எல்லாருக்கும் ஒண்ணுதான், விட்டுடறேன். எனக்கு ஒரே ஒரு பைல்.

ஆபரேஷன் நோட். முட்டி. ஆரம்பத்துல ரைட் நீ, மெடியல் மெனிஸ்கஸ், அதாவது வலது முட்டிக்குள்ள உள்பக்க ஜவ்வு, கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் தெளிவா சொல்றார். கொஞ்ச நேரத்துல யாரோ கதவைத் திறக்கற சத்தம், ஒரு பொம்பளைக் குரல் ஏதோ கேக்குது, இவர் "டூ மினிட்ஸ்"ங்கறார். திரும்பி வந்து "லெப்ட் நீ வாஸ் பிரெப்டு அண்ட் டிரேப்டு"ங்கறார், இடது முட்டியைச் சுத்தம் பண்ணித் துணி போர்த்தி ரெடி பண்ணாங்களாம். ஆடியோவைப் பின்னாடி ஓட்டற இடது கால்பெடலை மிதிச்சு மிதிச்சு எத்தனை தடவை பின்னாடி போனேனோ. ஸ்பீடைக் குறைச்சும் கேட்டேன். லெப்ட்தான். கடைசி வரைக்கும் லெப்ட்தான்.

இங்க சந்தேகம் இருக்குன்னு பிளாக் (flag) போட்டு அனுப்பினேன். நாங்க அடிச்சதைச் சரிபார்க்கற க்யூஏ அக்கா பிளாகை எடுத்துட்டாங்க. "அது வெர்பேட்டிம் அக்கவுண்ட், அவர் சொன்னதை அடிச்சாப் போதும்." அந்த பைலுக்கு எனக்கு 100% அக்யூரஸி போட்டிருந்தது. அந்த ஆளுக்கு எந்த முட்டியில ஸ்கோப் விட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. டாக்டர் வாய்தான் தவறிச்சா, கையும் தவறிச்சா?

ராத்திரி ஆந்தை

அக்கா, உங்க க்யூஏ சொன்னது தப்பு. வெர்பேட்டிம்னா டாக்டரோட இங்கிலீஷைத் திருத்தாதேன்னுதான் அர்த்தம். வலது இடது மாறினாலோ, மருந்து அளவு இடிச்சாலோ பிளாக் போட்டே ஆகணும், எந்த அக்கவுண்டா இருந்தாலும்.

என் கதை மெதோட்ரெக்ஸேட்ங்கற மருந்து. கோர்ஸ்ல கொடுத்த பைலெல்லாம் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். லைவ்ல போட்ட முதல் வாரமே வாயில எதையோ மென்னுக்கிட்டே பேசற டாக்டர். எனக்கு "பிப்டி"ன்னு கேட்டுச்சு, 50 மி.கி.ன்னு அடிச்சேன். லீட் என் நாற்காலி பின்னாடி வந்து நின்னார். திட்டல. டிரக் புக்கைப் பிரிச்சு அந்த வரியில விரலை வச்சு, "வாசி"ன்னார். ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒரே தடவை, 7.5 மி.கி.ல ஆரம்பிச்சு 25-க்குள்ள. டாக்டர் சொன்னது பிப்டீன். லீட் நகத்துல கேண்டீன் சாம்பார் மஞ்சள் ஒட்டியிருந்தது. அந்த விரல் இன்னும் அங்கேயே இருக்கு எனக்கு. மாத்திரை அட்டை எதைப் பார்த்தாலும் ரெண்டு தடவை வாசிக்கிறேன்.

நல்ல டாக்டர்னா "பிப்டீன், ஒன் பைவ்"னு பிரிச்சுச் சொல்வார். அப்படி நாலு பேர்கூடத் தேறமாட்டாங்க.

மதுரக்காரி

எனக்கு வினை டாக்டரால இல்ல, எங்க சித்தியால. புரோக்கர்ட்ட "பொண்ணு எம்.டி."ன்னு சொல்லிவிட்டுச்சு. தமிழ்ல சொன்னா ரெண்டும் ஒண்ணுதானய்யா! டிரான்ஸ்கிரிப்ஷனும் எம்.டி., பெரிய டாக்டரும் எம்.டி. வேன் வச்சு வந்துட்டாங்க.

மாப்பிள்ளையோட பெரியப்பா பக்கத்துல வந்து உக்காந்து, "தாயி, மாடிப்படி ஏறுனா இங்கிட்டுப் பிடிக்குது"ன்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டுறார். மூணு வருசம் கார்டியாலஜி அடிச்ச வாய், சும்மா இருக்குமா? "இடது கைக்கு இறங்குதா, வேர்க்குதா, உக்காந்தா நிக்குதா"ன்னு வரிசையாக் கேட்டுட்டேன். எல்லாத்துக்கும் ஆமாங்கறார். அதுக்குள்ள அங்கிட்டு சம்பளம் விசாரிச்சு விசயம் வெளிய வந்து, ஒரே கசமுசா. கேசரியைக்கூடத் தொடாம கிளம்பிட்டாங்க. சம்பந்தம் போனதுல வருத்தமில்ல. "நாளைக்கே இசிஜி எடுங்க"ன்னு அவர்ட்ட சத்தமாச் சொல்லியிருக்கணும். டாக்டர் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

கொங்கு பாலு

2012-ங்க. ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. நான் வீட்ல இருந்து அடிச்சுட்டிருந்தேன். ஸ்டாட் பைல், உடனே முடிக்க வேண்டிய அவசர பைல் ஒண்ணு உள்ள வந்துருச்சு, யுபிஎஸ் கத்துது. சிபியுவைச் சாக்குல சுத்தி டிவிஎஸ் 50-ல வச்சு மாமனார் ரைஸ்மில்லுக்குக் கொண்டு போனேனுங்க, அங்க ஜெனரேட்டர் இருக்கும்னு. இருந்துச்சு. ஆனா அந்தச் சத்தத்துல ஹைப்பரா (அதிகமா) ஹைப்போவா (கம்மியா)ன்னு ஒண்ணும் விளங்கலீங்க. ரெண்டு இடத்துல பிளாங்க் விட்டு அனுப்பினேன். மானிட்டர் மேல தவுடு படிஞ்சிருந்தது. அந்த மாசம் இன்சென்டிவ் கட்.

கோடிங் குமரன்

2014 வாக்குல எங்களை எடிட்டிங்குக்கு மாத்தினாங்க. மிஷின் கேட்டு அடிச்சு வைக்கும், நாம திருத்தணும், ஒரு லைனுக்குக் கொடுக்கற ரேட் பாதி. அதே 65 கேரக்டர்தான் ஒரு லைன். ஒருநாள் "நோ நிமோனியா"ங்கறதுல "நோ"வை மிஷின் முழுங்கிடுச்சு, நானும் வேகத்துல கவனிக்கல. அத்தோட போதும்னு மெடிக்கல் கோடிங், அதாவது நோயையும் சிகிச்சையையும் கோடு நம்பரா மாத்தற வேலைக்கு வந்துட்டேன்.

இப்ப படிக்க நினைக்கறவங்களுக்குச் சொல்றேன். டைப்பிங்கை மட்டும் நம்பி யாரும் காசு கட்டாதீங்க. அமெரிக்காவுல 2015 அக்டோபர் 1-ல இருந்து ஐசிடி-10ங்கற நோய்க் கோடு பட்டியல். அதுல வலதா இடதாங்கறது கோடுக்குள்ளயே இருக்கு. முட்டித் தேய்மானம் வலதுன்னா எம்17.11, இடதுன்னா எம்17.12. கால்பெடல் அக்காவோட பைல் இன்னிக்கு வந்தா கோடர் கையில மாட்டி நிக்கும், டாக்டருக்குக் கேள்வி போகும். பழைய ஐசிடி-9-ல இந்த வசதியே இல்ல. கோடர்களுக்கான சிபிசி சர்டிபிகேட் பரீட்சை எழுதுங்க. 100 கேள்வி, 4 மணி நேரம், 70% எடுத்தாப் பாஸ், கோட் புக்கை உள்ள கொண்டு போகலாம். ஆனா புக் இருக்கேன்னு நம்பிப் போனா நேரம் பத்தாது, எந்த அத்தியாயம் எங்கேன்னு கை தானாப் போகணும். முதல்ல அனாடமி. பேர் மனப்பாடம் பண்ணாதீங்க, வேர்ச்சொல்லைப் பிடிங்க. இலியம்னு ஒரே சத்தத்துல ரெண்டு இருக்கு. ஒண்ணு குடல், ஒண்ணு இடுப்பெலும்பு. டிஸ்பேஜியான்னா முழுங்க முடியல, டிஸ்பேசியான்னா பேச்சு வரல. டைப் அடிச்ச நமக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரியும்ங்கறதாலதான் நம்ம ஆளுங்க கோடிங்ல சீக்கிரம் ஏறறாங்க. அடுத்து கிளாஸ் சேர்றதுக்கு முன்னாடி...

மதுரக்காரி

குமரன், யாரு கேட்டா? அந்த "நோ" போன பைல் என்னாச்சு, அதைச் சொல்லுங்க.

கோடிங் குமரன்

க்யூஏ-வுக்குப் போகாத பைல் அது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு.

விலங்கியல் பொண்ணு

எல்லாரும் பழைய கதை சொல்றீங்க, நான் நேத்துப் போன கதை. பிஎஸ்சி முடிச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு இன்ஸ்டிட்யூட், எம்.டி., கோடிங், ஸ்கிரைபிங் மூணும் சேர்த்து 45,000 கேட்டாங்க. ஒரு டிக்டேஷன் போட்டுக் காட்டுங்கன்னேன். அந்த அக்கா ஹெட்போனைத் தேடினாங்க, இருந்ததுல ஒரு காதுக்குப் பஞ்சே இல்ல. பெடல் மேல குடை காயப் போட்டிருந்தாங்க. சேரலாமா?

ராத்திரி ஆந்தை

குடையை நீயே பார்த்துட்டு வந்து எங்களைக் கேக்கறியேம்மா. ஸ்கிரைபிங்னா டாக்டரும் பேஷண்டும் பேசறதை அப்பவே கேட்டு நோட் எழுதற வேலை. ஆள் எடுக்கற கம்பெனிங்க நல்ல காது இருந்தா அவங்களே டிரெயினிங் தருவாங்க. முதல்ல அங்க டெஸ்ட் எழுதிப் பாரு.

பழைய க்யூஏ

நாலு நாளா இதை வாசிச்சிட்டு எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். ஆந்தை தம்பி ஈசியா தப்புன்னு சொல்லிட்டார். பிளாக் போட்ட பைல் ஒவ்வொண்ணும் பெண்டிங்ல நிக்கும். டிஏடி (பைல் வந்ததுல இருந்து முடிச்சு அனுப்பற கெடு) 12 மணி நேரம். காலையில மேனேஜர் பெண்டிங் லிஸ்டோட என் டேபிளுக்குத்தான் வருவார், அடிச்ச பொண்ணுகிட்ட போகமாட்டார். அதனால நானும் எடுத்திருக்கேன், ஒண்ணு ரெண்டு இல்ல. ஒரு முட்டி பைல் எனக்கும் ஞாபகம் இருக்கு. கதவுச் சத்தம் கேக்கும். பிளாகை எடுத்த பிறகு அடிச்ச பொண்ணோட ஸ்கோரைக் குறைக்க மனசு வரல, முழுசாப் போட்டேன்.

கால்பெடல்காரி

அக்கா, நீங்க தி.நகரா? கீழ பாத்திரக்கடை, ரெண்டாவது மாடி?