வார்டு இல்லாத அவசர சிகிச்சை மையம்: ஓசூர், தேன்கனிக்கோட்டை அனுபவங்கள்

பாகலூர் சாலையிலிருந்து:

ஓசூர் 2019இல் மாநகராட்சியாவதற்கு முன்பே எங்கள் பகுதியில் வீட்டுமனைகள் நிரம்பத் தொடங்கிவிட்டன. சாலையும் பள்ளிக்கூடமும் வந்த பிறகும், நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருவுக்கு ஓடுவதே இங்குள்ள பலரின் வழக்கமாக இருந்தது. எந்த மருத்துவமனையோடும் ஒட்டாமல், உள்நோயாளிகளுக்கான வார்டும் இல்லாமல், அவசர சிகிச்சைக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் மையம் ஒன்று இங்கே திறக்கப்பட்டபோது, "சேர்த்துக்கொள்ள வார்டே இல்லாத இடத்தில் என்ன வைத்தியம் பார்ப்பார்கள்?" என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

என் மாமனாருக்கு ஒரு விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, இடது தோள் கடுத்தது. "வாயுப்பிடிப்புதான், ஒரு சோடா வாங்கிக் கொடுங்கள் மாப்பிள்ளை" என்றார். பேச்சை வளர்க்காமல் அந்த மையத்துக்கு அழைத்துச் சென்றேன். உட்காரவைத்துப் பெயர் எழுதுவதற்கு முன்பே ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள். பணியிலிருந்த இளம் மருத்துவர் அதைப் படமெடுத்து இதய நிபுணர் ஒருவருக்கு அனுப்பி, தொலைபேசியில் பேசிக்கொண்டே ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தார். ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றும், 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (பலூன் விட்டு அடைப்பை நீக்கும் சிகிச்சை) செய்ய வழியில்லை என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 30 நிமிடங்களுக்குள் போட்டுவிடுவதே நல்லது என்றும் விளக்கினார். அதற்குமுன், இதுவரை பக்கவாதம் வந்திருக்கிறதா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, எங்காவது ரத்தக் கசிவு உண்டா என்று என்னிடமும் மாமியாரிடமும் தனித்தனியாகக் கேட்டார். பதில் மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும்.

ஊசி போட்ட நேரத்தைச் செவிலியர் மாமனாரின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் மேலேயே பேனாவால் எழுதிவிட்டு, பெரிய மருத்துவமனையை அழைத்துப் படுக்கை ஒதுக்கச் சொன்னார். அங்கே போய் இறங்கியதும் கோப்பைத் தேடாமல் அந்தப் பிளாஸ்திரியைத்தான் முதலில் பார்த்தார்கள். மறுநாள் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து:

இங்கே நிலைமை வேறு. ராகிக் கொல்லையில் நீர் பாய்ச்சப் போன என் தம்பியைக் கண்ணாடிவிரியன் கடித்தது. வழியிலிருந்த தனியார் சிகிச்சையகம் ஒன்றில், அவசர சிகிச்சை என்று வாசலிலேயே பெரிய பலகை வைத்திருந்தும், நாடி பார்த்த கையோடு "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். ஒரு துண்டுச் சீட்டு எழுதவில்லை. நாங்கள் போகும் இடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பிறகு 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்கள். உறையவில்லை என்று தெரிந்ததும் விஷமுறிவு மருந்தைத் தொடங்கினார்கள். அந்தச் சோதனைக்குக் குழாயும் கடிகாரமும் போதும். அதைக்கூடச் செய்யாத இடத்துக்கு அவசர சிகிச்சைப் பலகை எதற்கு என்பது என் ஆத்திரம். எங்கள் ஊருக்குப் புதிய மையம் வருவதானால், விஷமுறிவு மருந்தும், தேள்கடிக்கான பிரசோசின் மாத்திரையும், பூச்சிமருந்து குடித்தவர்களுக்கான அட்ரோபினும் இருப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். ஸ்கேன் கருவி பிறகு வரட்டும்.

ஓசூரிலிருந்து இன்னொருவர்:

செலவைப் பற்றியும் பேச வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இத்தகைய தனி மையங்களுக்கு உரிமம் வழங்க 2009இலேயே சட்டம் இயற்றியது. அங்கே வசிக்கும் என் மகள், குழந்தையின் காய்ச்சலுக்குச் சாதாரண கிளினிக் என்று எண்ணி அப்படியொரு மையத்துக்குள் போய், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இணையான பில்லைக் கட்டிவிட்டு வந்தாள். இங்கும் வாசலைப் பார்த்து வேறுபாடு தெரிவதில்லை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் தமிழக அரசின் 2021ஆம் ஆண்டுத் திட்டமும், அதில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில்தான் செல்லும். எனவே எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தினர் மையத்துக்கு நேரில் போய், கட்டண விவரத்தையும், இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்பதையும், இரவில் நோயாளிகளை எந்தெந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் வரவேற்பறையில் தமிழில் எழுதி வைக்கும்படி கேட்டோம். கட்டணப் பட்டியல் அடுத்த வாரமே வந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.