புதுப்பிப்பு: எஸ்பிஎம் ஆங்கிலக் கட்டுரையும் ஏஐயும்

மலேசியாவில் படிவம் 5 பிள்ளைகள் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளுக்கு, அவர்களை ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வைத்துப் பழக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சுங்கை சிப்புட்டில் மாலை டியூஷன் எடுப்பவள் நான். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதல் இரண்டு வாரம் சரிப்படவில்லை. ஒரு மாணவி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (மரத்தைக் கீறிப் பால் எடுத்த) தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். விடியற்கால இருட்டு, மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைக்கும் விரல்களில் காய்ந்த பால் வாசம், எல்லாம் இருந்தது. ஏஐ திருத்தித் தந்ததில் இலக்கணம் சுத்தம். ஆனால் மங்கும் இல்லை, வாசமும் இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

முறையை மாற்றிவிட்டேன். முதலில் நேரம் வைத்துக் கையால் எழுத வேண்டும். அப்புறம்தான் ஏஐ. அதுவும் திருத்தக் கூடாது. தவறுள்ள வரியைக் காட்டிக் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். தாளில் வரும் 80 சொல் மின்னஞ்சலுக்கும் 125–150 சொல் கட்டுரைக்கும் இது நன்றாகவே உதவுகிறது. 200–250 சொல் பகுதியை நானே பார்க்கிறேன். மதிப்பெண் போடச் சொல்வதில்லை. ஒரே கட்டுரைக்கு 20க்கு 14 என்றது, மறுபடி கேட்டால் 18 என்றது.

அந்தப் பிள்ளை பாட்டிக் கட்டுரையைத் திரும்ப எழுதினாள். இறந்தகால வினைகள் ஒழுங்காகிவிட்டன. மங்கு அப்படியே இருக்கிறது.