திருமங்கலத்தில் பழைய வீடு: இன்ஜினியர் விரிசலைக் காட்டிய பிறகு என்ன செய்வது?

கரிசல்காட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் ராஜபாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்றரை சென்ட் இடத்தில் 2004-ல் கட்டிய வீடு ஒன்றை 58 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறோம். கீழே இரண்டு படுக்கையறை, மேலே பின்னால் எடுத்த ஒரு அறை. தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். ஒரு லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறேன், கிரய ஒப்பந்தம் இன்னும் பதியவில்லை.

போன ஞாயிறு ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப் போனேன். சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் வீடு முழுக்கத் தட்டித் தட்டிப் பார்த்தார். தென்மேற்கு அறையில் ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது, ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு அதில் நுழைகிறது. வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தால் சுவரின் அந்தப் பக்கமும் அதே இடத்தில் அதே சாய்வில் இருக்கிறது. சன்ஷேட் அடியில் காங்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. குளியலறைச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு உப்புப் பூத்து, கை வைத்தால் மாவு மாதிரி கொட்டுகிறது. மேல் அறைக்குப் பிளான் அனுமதியும் இல்லை. இன்ஜினியர் பார்த்ததை எல்லாம் அறிக்கையாக எழுதியும் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார், நல்ல மனிதர். "இருபது வருடமாகக் குடியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. நானே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். அம்மாவுக்கு வாசல் வேப்பமரமும் பூஜை அறையும் ரொம்பப் பிடித்துப்போனது. அவரையே சரிசெய்யச் சொல்வதா, விலையைக் குறைக்கச் சொல்வதா, இல்லை முன்பணம் போனால் போகிறது என்று விலகிவிடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வில்லாபுரம் வாசி:

தம்பி, தயவுசெய்து அவரைச் சரிசெய்ய விடாதீர்கள். எங்கள் வீட்டை வாங்கும்போது நாங்கள் செய்த தப்பு அதுதான். விற்றவர் "நானே பார்த்துத் தருகிறேன்" என்றார், பத்து நாளில் எல்லாச் சுவரும் பளபளவென்று ஆகிவிட்டது, கிரயமும் முடிந்தது. ஐப்பசி மழை நாலு நாள் பிடித்தது, ஹாலில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உரித்துப் பார்த்தால் உள்ளே பழைய விரிசல் அப்படியே இருக்கிறது. விற்கப்போகிறவர் எதைச் செய்தாலும் கிரய நாள் வரைக்கும் தாங்குகிற மாதிரிதான் செய்வார். அவரை மோசமானவர் என்று சொல்லவில்லை, போகிற வீட்டுக்கு யாரும் அதற்கு மேல் செலவு செய்ய மாட்டார்கள். பணத்தைக் குறைத்துக்கொண்டு உங்கள் கொத்தனாரை வைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று செய்யுங்கள். இப்போது பெயின்ட் அடித்துவிட்டால் விரிசல் வளர்கிறதா நிற்கிறதா என்று பார்க்கவும் வழியில்லாமல் போய்விடும்.

சைட் இன்ஜினியர்:

உங்கள் இன்ஜினியர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். எல்லா விரிசலும் ஒன்றில்லை. பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை இரண்டும் வெயிலில் ஒரே அளவுக்கு விரிவதில்லை, அதனால் வருவது. பூச்சில் வலை மாதிரி ஓடும் மயிரிழைக் கீறலும் அப்படித்தான். ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, சுவரின் இரண்டு பக்கமும் தெரிகிறது என்றால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் முழுக்கக் கரிசல். அந்த மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீடு முழுவதும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால்கூடப் பெரிய சேதம் வராது, ஒரு மூலை மட்டும் ஈரமாகி மற்ற மூலைகள் காய்ந்து கிடந்தால் அங்கேதான் சுவர் கிழியும்.

அதனால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்தக் குளியலறை விரிசல் விட்ட அறைக்குப் பக்கத்திலா? அப்படியென்றால் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து குளியலறையில் ஊற்றிவிட்டு, வெளியே கழிவுநீர்க் குழாய் வந்து சேரும் சேம்பர் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். நீலம் வந்து சேரவில்லை என்றால் குழாய் நடுவில் உடைந்து தண்ணீர் வீட்டின் அடித்தளத்துக்குள் இறங்குகிறது. வேப்பமரம் சுவரிலிருந்து எத்தனை அடி என்பதையும் அளந்துகொள்ளுங்கள், கரிசலில் பெரிய மரம் கோடையில் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

அப்புறம், விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, பூச்சை உரித்த செங்கல்லில் இரண்டு முனையையும் சிமென்ட்டால் ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். விரிசலின் நுனியிலும் பென்சிலால் ஒரு கோடு. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. இரண்டு வாரத்தில் உடையவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள், கரிசலைப் பொறுத்தவரை ஒரு மழைக்காலம் தாண்ட வேண்டும்.

சன்ஷேட் விஷயத்தில், துருப்பிடித்த கம்பி பருத்துத்தான் காங்கிரீட்டைத் தள்ளுகிறது. மேலே சிமென்ட் பூசி மூடினால் உள்ளே துரு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இளகியதை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, மெலிந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூசிய பிறகுதான் கலவை வைக்க வேண்டும். சன்ஷேட்டோடு நிற்கிறதா, ரூஃப் தளத்தின் அடியிலும் அப்படி இருக்கிறதா என்று தட்டச் சொல்லுங்கள். தளத்தில் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

மாட்டுத்தாவணி மணி:

இருபது வருட வீட்டில் விரிசல் இல்லாமல் எப்படி இருக்கும்? இதைப் பார்த்தே பயந்தால் மதுரையில் ஒரு பழைய வீடும் வாங்க முடியாது. லோனுக்கு பேங்க் இன்ஜினியர் வந்து பார்ப்பார், அவர் ஓகே சொன்னால் போதும்.

பத்திர எழுத்து அலுவலகம்:

மணி அண்ணே, அது தவறு. பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கி கொடுக்கிற கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்க்க வருகிறார். கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லை. அனுமதி இல்லாத மேல் அறையைப் பெரும்பாலும் மதிப்பில் சேர்க்கவும் மாட்டார்கள், அதனால் லோன் குறையும். சகோ, 58 லட்சத்தில் அந்த அறைக்கு எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணுக்குப் படாத முக்கியக் குறை ஏதாவது விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் சொல்லியாக வேண்டும். நீங்களோ இன்ஜினியரை வைத்துப் பார்த்து, எழுத்திலும் வாங்கிவிட்டீர்கள். தெரிந்தே வாங்கிவிட்டு நாளைக்கு விரிசல் என்று கேஸ் போட்டால் நிற்காது. பில்டரிடம் புது ஃபிளாட் வாங்கினால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடப் பொறுப்பு உண்டு, தனியாரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு அது கிடையாது. பேச வேண்டியதைக் கிரயத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம். அந்த ஒப்பந்தத்தில் அறிக்கையின் நகலை இணைத்து, கெடு முடிவதற்குள் விரிசல் அகலமானால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று ஒரு ஷரத்து எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கரிசல்காட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

நீலத் தண்ணீரை வாத்தியார் முன்னாலேயே ஊற்றினேன். இரண்டு வாளி ஊற்றியும் சேம்பரில் ஒரு சொட்டு நீலம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சுவர் ஓரம் மண் நீலமாகக் கசிகிறது, சரியாக அந்தத் தென்மேற்கு மூலையில். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். சாயங்காலம் அவரே போன் செய்து, "எனக்கே இது தெரியாது தம்பி, நீங்களே சொல்லுங்கள்" என்றார். தளத்தின் அடியில் தட்டியதில் சத்தம் கெட்டியாகத்தான் இருக்கிறது, கெட்டது சன்ஷேட் மட்டும்தான். மரம் பதினெட்டு அடி தள்ளி இருக்கிறது, அம்மாவுக்கு நிம்மதி.

இரண்டு மேஸ்திரிகளிடம் எஸ்டிமேட் வாங்கி அவரிடம் காட்டினேன். மேல் அறையையும் சேர்த்துப் பேசி 53 லட்சத்துக்கு வந்திருக்கிறார். குழாயை மட்டும் இப்போதே மாற்ற ஒப்புக்கொண்டார், நானும் கூட நிற்பேன். பட்டியும் பெயின்ட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வரும் வியாழன் ஒப்பந்தம் பதிகிறோம், ஷரத்தோடு, கெடு ஜனவரி கடைசி வரை. கண்ணாடி இதுவரை உடையவில்லை.

சைட் இன்ஜினியர்:

நல்லது. குழாய் மாற்றத் தோண்டிய குழியை அள்ளிய கரிசலையே போட்டு மூட விடாதீர்கள், கிராவல் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து மூடச் சொல்லுங்கள். சுவர் ஓரம் மூன்றடி அகலத்துக்கு வெளிச்சரிவாக ஒரு தளமும் போட்டுவிடுங்கள். ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த மறுநாள் கண்ணாடியைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.