பெரியம்மாவின் ஜாக்கெட், அண்ணனின் வேட்டி

குழு: விளாங்குடி வீட்டார்

*செவ்வாய்*

நித்யா, இரவு 8:12
[படம்]
அண்ணி, நானே வெட்டித் தைத்த முதல் குர்தி. சும்மா நின்றால் நன்றாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் குர்தியும் கூடவே ஏறுகிறது. இன்றைக்கு ஆபீஸ் போய்ச் சேரும்வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன்.

செந்தில் அண்ணன், 8:14
பெங்களூரில் உட்காரவே இடம் கிடைக்காதா?

கவிதா அண்ணி, 8:20
கைக்குழியை, அதுதான் கை தைக்கிற வளைவை, இறக்கி வெட்டினாயா?

நித்யா, 8:21
ஆமாம், பேட்டர்ன் பேப்பரில் இருந்ததைவிட முக்கால் இஞ்ச். முதலில் அக்குளில் பிடித்தது. குழியை ஆழமாக்கினால் லூஸாகிவிடும் என்று நினைத்தேன்.

கவிதா அண்ணி, 8:29
எல்லோரும் அங்கேதான் விழுவோம். நான் இப்படியே மூன்று ஜாக்கெட்டைப் பாழாக்கியிருக்கிறேன். கைக்குழி அக்குளை ஒட்டி மேலே இருந்தால் கை மட்டும் தனியாகத் தூக்கும். கீழே இறங்க இறங்க, கையைப் பக்கத் தையலோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் கையைத் தூக்கினால் உடம்புத் துணியும் கூடத்தானே வரும்? உனக்கு அக்குளில் பிடித்தது குர்திக் கையின் அகலம் பற்றாமல். மேல்கைச் சுற்றளவு எடுத்தாயா?

நித்யா, 8:30
இல்லையே. மார்பு 36, அதனால் 36 பேட்டர்னை எடுத்து அப்படியே வெட்டிவிட்டேன்.

கவிதா அண்ணி, 8:36
முதுகு அகலமாக, முன்பக்கம் குறைவாக இருந்தாலும் டேப்பில் 36தான். முதுகு ஒடுங்கி, முன்பக்கம் நிறைவாக இருந்தாலும் அதே 36தான். பக்கத் தையல் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு நூலைத் தொங்கவிட்டு, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று தனித்தனியாக எடு. அடுத்த குர்திக்கு முன் அதைச் செய்.

இந்தக் குர்தியில் வெட்டினதை ஒட்ட முடியாது. அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துவிடு, கை ஏறும். மாமாவின் ஜிப்பாவில் இருக்கிறதே, அதேதான்.

மாமா, 8:41
அட! கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு என் தலையில் கட்டிவிட்டார் என்று அந்தத் தையல்காரரோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

சரசு பெரியம்மா, 8:55
எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள். காதுகுத்துக்குக் கட்டப்போகிற சுங்குடிக்கு ஜாக்கெட் தைத்து வந்திருக்கிறது. பின்னால் ஏறி இடுப்பு தெரிகிறது. முன்கழுத்து தொண்டையை இறுக்குகிறது. திருப்பிக்கொண்டு போனால், "உங்க உடம்பு அப்படிம்மா" என்கிறார் தையல்காரர். அளவு ஜாக்கெட் கொடுத்துத்தானே தைத்தேன்?

அம்மா, 8:57
அக்கா, அந்த அளவு ஜாக்கெட் நித்யாவுக்குப் பெயர் வைத்தபோது தைத்ததுதானே?

சரசு பெரியம்மா, 8:58
ஆமாம். அதற்கென்ன, துணி இன்னும் கல் மாதிரி இருக்கிறது.

நித்யா, 8:58
பெரியம்மா, எனக்கு 27 வயது 😄

மாமா, 9:04
முன்பு மதுரைப் புதுமண்டபத்துக்குப் போனால் தூணுக்குத் தூண் மெஷின் ஓடும். ஆளை ஒருமுறை திருப்பிப் பார்த்தே குறித்துக்கொள்வார்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

கவிதா அண்ணி, 9:10
அத்தை, நாளைக்கு அளவெடுக்கிறேன். அந்த அளவு ஜாக்கெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

*வியாழன்*

செந்தில் அண்ணன், காலை 7:05
என் நாலு முழ வேட்டியைக் காணோம். பழசுதான், இருந்தாலும் என்னுடையது.

கவிதா அண்ணி, 7:06
அது இப்போது வேட்டி இல்லை.

கவிதா அண்ணி, பகல் 1:40
நித்யா, உனக்கும் உதவும், பார். கழுத்தோர ஷோல்டரிலிருந்து கீழ்வரை, அளவு ஜாக்கெட்டில் முன்னும் பின்னும் 14. அத்தைக்கு டேப் வைத்தால் பின்னால் 15, முன்னால் 13¾. முதுகு கொஞ்சம் வளைந்திருக்கிறது இல்லையா, அந்த மேட்டில் ஏறி இறங்கத் துணி கூடுதலாக வேண்டும். இல்லாததால் ஜாக்கெட் மொத்தமாகப் பின்னால் நழுவுகிறது. தொண்டையை இறுக்குவதும் அதனால்தான். முன்கழுத்தை இன்னும் தோண்டியிருந்தால் எதுவும் சரியாகியிருக்காது.

நித்யா, 1:44
அப்போது பின்பக்க நீளத்தைக் கீழே ஒரு இஞ்ச் கூட்டினால் போதாதா?

கவிதா அண்ணி, 1:52
இடுப்பை மூடும். ஆனால் மேட்டில் துணி பற்றாமல் இழுப்பது அப்படியே இருக்கும். துணி எங்கே பற்றவில்லையோ, அங்கேதான் சேர்க்க வேண்டும்.

வேட்டித் துணியில் ஒரு சோதனை ஜாக்கெட் தைத்து அத்தைக்குப் போட்டுவிட்டேன். முதுகில் மேடு அதிகமாக இருக்கிற இடத்தில், போட்டபடியே, நடுவிலிருந்து கைக்குழி வரை குறுக்கே கத்தரித்தேன். கைக்குழி ஓரத்தில் ஒரு நூல் அளவு விட்டுவிட்டேன். அத்தை நிமிராமல் வழக்கம்போல நின்றார்கள். வெட்டின இடம் நடுமுதுகில் தானாக முக்கால் இஞ்ச் விரிந்தது. கீழ்ப்பக்கம் சட்டென்று இறங்கி இடுப்பில் உட்கார்ந்தது.

சரசு பெரியம்மா, 1:55
முதுகுக்குப் பின்னால் கத்தரிச் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? மூச்சே விடவில்லை.

கவிதா அண்ணி, 2:03
[படம்]
அதை அப்படியே பேப்பருக்கு மாற்றியது இது. பேப்பரில் விரித்தால் மேல்பாதி சாய்ந்துவிடும், நடுமுதுகுக் கோடு நேராக வராது. முன்னால் ஹூக் வைப்பதால் முதுகை மடிப்பில்தான் வெட்ட வேண்டும், அதனால் கோட்டை நேராக இழுத்துவிட்டேன். பின்கழுத்து ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக அகன்றது. அதை இரண்டு பக்கமும் சின்ன டாட்டாக, அதாவது கூம்பு மடிப்பாகப் பிடித்துத் தைத்தால், கழுத்து ஒட்டியும் உட்காரும், மேட்டுக்கு இடமும் கிடைக்கும்.

மீதி கால் இஞ்ச் ஷோல்டரில். முன்பக்கத்தில் கால் இஞ்ச் வெட்டி, பின்பக்கத்தில் கால் இஞ்ச் சேர்த்தேன். 15, 13¾, கணக்கு முடிந்தது.

அம்மா, 2:10
துணி? தைத்து வந்த ஜாக்கெட்டைப் பிரித்தால் போதுமா?

கவிதா அண்ணி, 2:12
முதுகுக்குப் பற்றாது சின்னத்தை. உள் தையல் அரை இஞ்ச்கூட விடவில்லை. விளக்குத்தூண் பக்கம் வந்தால் அரக்கு நிறத்தில் டூ பை டூ ஜாக்கெட் துணி ஒரு மீட்டர் வாங்கி வாருங்கள். லைனிங்கும் அதே நிறத்தில்.

அம்மா, 2:13
சரி. மாலை வாங்கி வருகிறேன்.

கவிதா அண்ணி, 2:15
வந்தவுடன் இரண்டையும் ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும். போன தடவை லைனிங்கை நனைக்காமல் தைத்தேன். முதல் துவைப்பிலேயே அது சுருங்கி, மேல்துணி பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

நித்யா, இரவு 10:31
[படம்]
அக்குள் துண்டு வைத்துவிட்டேன். முதல் பக்கத்தை நான்கு தடவை பிரித்தேன். மூலையில் சுருக்கம் விழுந்துகொண்டே இருந்தது.

கவிதா அண்ணி, 10:35
மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள்ளே இறக்கி வைத்துவிட்டுக் காலைத் தூக்கித் திருப்பு. மெஷின் காலைச் சொல்கிறேன்.

நித்யா, 10:36
இரண்டாவது பக்கம் அப்படித்தான் வந்தது 🙂 கை ஏறுகிறது அண்ணி, குர்தி ஏறவில்லை.

*சனி*

மாமா, மாலை 5:20
கவிதா, எனக்கு வலது தோள் இறங்கியிருக்கும். எந்தச் சட்டை போட்டாலும் காலர் ஒரு பக்கம் சாய்கிறது. அதற்கு வழி உண்டா?

கவிதா அண்ணி, 5:24
உண்டு மாமா. வலது ஷோல்டர் தையலைக் கைப்பக்கம் மட்டும் சரித்து இறக்க வேண்டும், கைக்குழியையும் அதே அளவு இறக்க வேண்டும். காதுகுத்து முடியட்டும், ஒரு சட்டையைக் கொண்டுவாருங்கள்.

சரசு பெரியம்மா, 6:48
[படம்]
போட்டுப் பார்த்துவிட்டேன். குனிந்து கோலம்கூடப் போட்டேன். பின்னால் ஏறவில்லை.

அம்மா, 6:50
முதுகில் ஒரு இழுப்புகூட இல்லையே!

நித்யா, 6:51
பெரியம்மா, திரும்பி நின்று ஒரு படம் போடுங்கள். கழுத்து டாட்டைப் பார்க்க வேண்டும்.

சரசு பெரியம்மா, 6:53
[படம்]
அந்தத் தையல்காரர் கடை வழியாக ஒருமுறை நடந்துவிட்டு வரலாமா என்று இருக்கிறது.

கவிதா அண்ணி, 6:58
அத்தை, அவசரப்படாதீர்கள். கீழ் மடிப்புக்கு 8 குண்டூசி குத்தியிருந்தேன், இன்னும் ஹெம்மிங் போடவில்லை. கழற்றும்போது எண்ணுங்கள்.

சரசு பெரியம்மா, 7:06
7தான் இருக்கிறது.

கவிதா அண்ணி, 7:06
யாரும் சோபாவில் உட்கார வேண்டாம். டார்ச் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

செந்தில் அண்ணன், 7:07
டார்ச் வேண்டாம்.