டேலி கம்ப்யூட்டரில் ராத்திரி முழுக்க 4625: என்ன செய்ய?

முந்திரி ஆபீஸ்:
தக்கலைப் பக்கம் ஒரு முந்திரி ஏற்றுமதி ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டர் கோளாறு என்று விண்டோஸின் பதிவுகளை (லாக்) காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால், செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண் போட்ட பதிவு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. நிமிஷத்துக்கு ஏழெட்டு. யூசர் பெயர் அட்மின், டெஸ்ட், டேலி என்று மாறி மாறி வருகிறது. முதலாளி நாகர்கோவில் வீட்டிலிருந்து கணக்கு பார்க்க, ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். ஆன்டிவைரஸ் பச்சைதான் காட்டுகிறது.

குழித்துறைக்காரன்:
போர்ட்டை 3390 ஆக்குங்க மக்கா. எனக்கு இந்த 4625 சத்தம் நின்னுது.

வேளிமலை:
சத்தம்தான் நிற்கும். எல்லா போர்ட்டையும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பவனுக்கு 3390-ம் அகப்படும். ரவுட்டரில் அந்த வழியையே அடைத்துவிட்டு, முதலாளிக்கு விபிஎன் (ஆபீஸ் நெட்டுக்குப் பூட்டுப் போட்ட தனி வழி) போட்டுக் கொடுங்க.

4625 என்பது தோற்றுப்போன லாகின் முயற்சி. நீங்க தேட வேண்டியது 4624 (ஜெயித்த லாகின்), லாகான் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப் வழி). ரிமோட்டில் உள்ளே வந்தவன் அதில்தான் மாட்டுவான். கூடவே 4720 (புது யூசர்), 1102 (லாக் அழிப்பு) இருக்கா பாருங்க. அதற்கு முன்னால் லாகைச் சேமித்துவிடுங்க. வழக்கமாக அதற்கு 20 எம்பிதான் இடம். நிறைந்தால் பழையது அழியும். தோற்றவன் போடுகிற குப்பையே ஜெயித்தவன் தடத்தை மூடிவிடும்.

முந்திரி ஆபீஸ்:
இருக்கு அண்ணே. நேற்று ராத்திரி 2.47, டைப் 10, யூசர் "டேலி". மூணு நிமிஷத்தில் 4720: "சப்போர்ட்1". முதலாளியைக் கேட்டால், "ஒன்பது மணிக்கே படுத்துட்டேனே" என்கிறார். பாஸ்வேர்டு டேலி123. வைத்தது நான்தான்.

வேளிமலை:
நெட் கேபிளைப் பிடுங்குங்க. மெஷினை ஆஃப் பண்ணாதீங்க, ராமில் (தற்காலிக நினைவகத்தில்) இருக்கிற தடயம் போய்விடும். ஃபார்மட்டும் வேண்டாம். நேற்றுதான் முதல் தடவை என்றும் நினைக்காதீங்க, முந்தினது லாகிலிருந்து அழிந்திருக்கலாம். பேக்கப் எங்கே?

முந்திரி ஆபீஸ்:
அதே மெஷினில் டி டிரைவ். போன மாசத்து ஹார்ட் டிஸ்க் ஒன்று ஆடிட்டரிடம்.

வேளிமலை:
டி டிரைவைக் கணக்கிலேயே எடுக்காதீங்க. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர்காரன் பேக்கப்பைத்தான் முதலில் தேடுவான். ஆடிட்டர் டிஸ்கை இந்த மெஷினில் சொருகவே கூடாது. பாங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்க. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும், 2022 ஏப்ரல் உத்தரவு அது. நீங்க கண்டுபிடித்த நேரத்திலிருந்து கணக்கு. பணம் போயிருந்தால் உடனே 1930 (சைபர் மோசடி உதவி எண்).

முந்திரி ஆபீஸ்:
கேபிள் எடுத்தாச்சு. ஆனா நாலு மணிக்கு தூத்துக்குடிக்கு லோடு போகணும், பில் போடச் சொல்லி டிரைவர் நிற்கிறார்.

வேளிமலை:
பழைய பில் புக் இருக்குமே, கார்பன் வைத்து எழுதுங்க.