பதினோராம் வசனத்துக்கு முன்னால் பத்தாம் வசனம்: எது நல்ல பிரசங்கம்?

தாமிரபரணிக்கரை | ஜனவரி 2, இரவு 8.15

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்குப் போய்வந்து இரண்டு நாள் ஆகியும் மனம் ஆறவில்லை. சொந்த ஊர்ச் சபை அல்ல. மகன் வீட்டுக்கு அருகிலுள்ள சபை. வாசலிலேயே வாக்குத்தத்த அட்டை, அதாவது புத்தாண்டுக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட அட்டை, கொடுத்தார்கள். சூரிய உதயப் படத்தின் மேல் எரேமியா 29:11: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் வசனம். பிரசங்கம் ஐம்பது நிமிடம். எதிர்பார்த்திருக்கும் முடிவு எது என்று போதகரே பட்டியல் போட்டார்: வேலையில் உயர்வு, சொந்த வீடு, வெளிநாட்டு விசா, பிள்ளைக்கு வரன். ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்லச் சொன்னார். சபையும் சொன்னது.

பத்தாம் வசனத்தை அவர் வாசிக்கவே இல்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்று அதில் இருக்கிறது. கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் இது. அன்று அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பமாட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கடிதம் சொல்கிறது. அதே புத்தகத்தில் இதற்கு முந்தைய அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! அவன் சொன்னது பொய். நான் கேட்ட பிரசங்கம் எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொன்னது.

என் அளவுகோல் நெகேமியா 8:8. "தீர்க்கமாய் வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." வசனம் என்ன சொல்கிறதோ அதைச் சொல்வதுதான் பிரசங்கம். மற்றதெல்லாம் வாழ்த்து.

எழுப்புதல் | ஜனவரி 2, இரவு 9.02

ஸ்தோத்திரம் ஐயா. வரலாறும் ஆண்டுக் கணக்கும் தெரிந்தால் பிரசங்கம் ஆகிவிடுமா? தன் பேச்சு "மனுஷஞானத்திற்குரிய நயவசனமுள்ளதாயிராமல்" ஆவியினாலும் பெலத்தினாலும் உறுதிப்பட்டது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். என்ன பேசவேண்டும் என்பது அந்நேரத்தில் அருளப்படும் என்று மத்தேயு 10:19 சொல்கிறது. குறிப்புத் தாளைப் பார்த்து வாசிக்கிறவரின் பிரசங்கத்தில் யாரும் உடைந்து நான் பார்த்ததில்லை. முழங்காலில் நின்று பெற்ற செய்திதான் செய்தி.

தாமிரபரணிக்கரை | ஜனவரி 2, இரவு 9.20

சகோதரரே, மத்தேயு 10:18-ஐயும் வாசியுங்கள். அதிபதிகளுக்கும் ராஜாக்களுக்கும் முன்பாக இழுத்துக்கொண்டு போகப்படும் சீடருக்குச் சொன்ன வார்த்தை அது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு ஆயத்தமாகாமல் வருவதற்கு அங்கே அனுமதி இல்லை. நான் சொல்லும் நோய் இதுதான்: ஒரு வசனத்தை அதன் அண்டை வீட்டிலிருந்து பிரித்துத் தனியாகத் தூக்கிவருவது. முழங்கால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழங்காலில் நிற்கும்போது பைபிளும் திறந்திருக்க வேண்டும் என்கிறேன்.

கடலோரப் பங்கு | ஜனவரி 3, காலை 6.50

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடிப் பக்கம். நாங்கள் மறையுரை என்கிறோம். முதலில் ஐம்பது நிமிடம் என்பதே எனக்கு மலைப்பாக இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்றார். சோம்பலுக்காக அப்படிச் சொல்லவில்லை. மறையுரை வழிபாட்டின் ஒரு பகுதி என்று எங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவாக்கியது. வாசகத்துக்கும் நற்கருணைக்கும் நடுவில் அது ஒரு பாலம்போல நிற்கவேண்டும். பாலத்திலேயே ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் மக்கள் அக்கரைக்கு எப்போது போவார்கள்?

இன்னொன்று. நீங்கள் சொன்ன வசனத்தை எங்கள் திருவிவிலியத்தில், அதாவது 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில், எடுத்துப் பார்த்தேன். "எதிர்பார்த்திருக்கும் முடிவு" அங்கே இல்லை. எதிர்காலம், நம்பிக்கை என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதைத் தருவேன் என்பதும், உங்களுக்கு ஓர் எதிர்காலமும் நம்பிக்கையும் தருவேன் என்பதும் ஒன்றா? அந்தப் போதகரின் பட்டியல் முழுவதும் பழைய மொழிபெயர்ப்பின் ஒற்றைச் சொல்லைப் பிடித்துத் தொங்கியதாக எனக்குப் படுகிறது.

தாமிரபரணிக்கரை | ஜனவரி 3, காலை 7.30

இது நான் கவனிக்காதது. நன்றி. நாற்பது வருஷமாக இந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறேன். 'எதிர்பார்த்திருக்கும்' என்ற சொல்லில் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. எபிரெயத்தில் உள்ளதும் முடிவு, நம்பிக்கை என்ற இரண்டு சொற்கள்தான். பிரசங்கிக்கிறவர் இரண்டு மொழிபெயர்ப்பையாவது மேசையில் விரித்துவைக்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல் | ஜனவரி 3, பிற்பகல் 2.10

ஐயா, நீங்கள் யாருக்காக வருத்தப்பட்டு எழுதுகிறீர்களோ அந்த ஆட்களில் நானும் ஒருத்தி. அதனால் எழுதுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின நள்ளிரவு ஆராதனையில், வேறு ஊரில், வேறு சபையில், எனக்கும் இதே வசனம் வந்தது. என் கணவருக்கு அப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அட்டையை அவர் சட்டைப் பையில் நான்தான் வைத்தேன். ஒவ்வொரு முறையும் ஊசி குத்தும்போது அந்த வசனத்தைச் சொல்வோம். அதிகாலை நாலு மணிக்குப் பஸ் ஏறும்போது சொல்வோம். ஆகஸ்டில் அவர் போய்விட்டார்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் ஏமாற்றப்பட்டவள். அப்படி நான் நினைக்கவில்லை. எட்டு மாதம் அந்த வசனம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. அன்று எங்கள் போதகர் பாபிலோன், கி.மு. 597, எபிரெயச் சொல் என்று விளக்கியிருந்தால் என் காதில் ஒன்றும் ஏறியிருக்காது. பசியோடு வருகிறவளுக்குச் சோறு போடுங்கள். நெல் எந்த வயலில் விளைந்தது என்பதைப் பிறகு சொல்லுங்கள். ஆகஸ்டீன் என்ற சபைப் பிதா பிரசங்கிக்கு மூன்று வேலை என்று சொன்னதாக வேதபாட வகுப்பில் படித்தேன்: கற்பிப்பது, மகிழ்விப்பது, உள்ளத்தை அசைப்பது. நீங்கள் முதலாவதோடு நின்றுவிட்டீர்கள்.

அனனியா என்று சொல்லிவிட்டீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுப்புதல் | ஜனவரி 3, பிற்பகல் 3.05

சகோதரி, உங்களுக்காக ஜெபிக்கிறேன். வசனம் உயிருள்ளது என்பதற்கு நீங்களே சாட்சி.

கடலோரப் பங்கு | ஜனவரி 3, மாலை 5.45

அக்கா, உங்கள் துக்கத்துக்கு முன்னால் எதுவும் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். ஆகஸ்டுக்குப் பிறகு அந்த வசனம் என்ன ஆனது? உங்களுக்கு விசுவாசம் நின்றது. பக்கத்து இருக்கையில் அதே அட்டையை வாங்கிய இன்னொருவருக்கு விசுவாசம் உடைந்திருந்தால், பொறுப்பு யாருடையது?

சபை ஊழியர் | ஜனவரி 3, இரவு 10.30

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் குருவானவர் அல்ல. ஒரு கிராமத்துச் சபை ஊழியர். எங்கள் சேகரத்தில் ஒரே குருவானவருக்குப் பல சபைகள். மாதத்தில் ஒரு ஞாயிறு இராப்போஜன ஆராதனைக்கு அவர் வருவார். மற்ற ஞாயிறுகளில் நான்தான் பிரசங்கம் செய்கிறேன். கேட்கிறவர்களில் பாதிப்பேர் பீடி சுற்றும் பெண்கள். ஆண்களில் வயதானவர்கள்தான் ஊரில் இருக்கிறார்கள். இளையவர்கள் திருப்பூரில், சென்னையில், வளைகுடாவில்.

என் வாரம் எப்படிப் போகிறது என்பதைச் சொன்னால் இந்த விவாதத்துக்கு உதவலாம். திங்கட்கிழமை வரும் ஞாயிறுக்குரிய பகுதியை வாசித்துவிடுவேன். விளக்க நூல் எதையும் தொடமாட்டேன். செவ்வாய், புதன் வீடு சந்திப்பு. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் பேசுவார்கள்; கை நிற்காது. வியாழக்கிழமை திரும்ப அந்தப் பகுதியை வாசித்தால் அது வேறு மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமைதான் விளக்க நூல். சனிக்கிழமை இரவு வீட்டில் என் மனைவியிடம் பத்து நிமிடத்தில் சொல்லிப் பார்ப்பேன். எங்கே அவள் முகம் மாறவில்லையோ அந்த இடத்தை வெட்டிவிடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எரேமியா 29-ஐ, முதல் வசனத்திலிருந்து பதினான்குவரை, அப்படியே எடுத்தேன். கடிதம் என்பதால் கடிதமாகவே வாசித்தேன். பாபிலோன் என்றால் என்ன என்று விளக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "உங்கள் பிள்ளைகள் இருக்கிற ஊரை நினைத்துக்கொள்ளுங்கள்; அவர்களாகப் போனார்கள், இவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதுதான் வித்தியாசம்" என்றேன். அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று ஏழாம் வசனம்வரை வந்தபோது சபை ஓசையற்றுப் போனது. அவர்கள் எதிரியின் ஊருக்காக ஜெபிக்கச் சொல்கிறார் கர்த்தர்.

ஆராதனை முடிந்ததும் ஓர் அம்மா வந்தார்கள். மகன் நான்கு வருஷமாக வளைகுடாவில் இருக்கிறான். அந்த ஊரைத் திட்டாத நாள் கிடையாது அவர்கள் வீட்டில். "அந்த ஊருக்காக ஜெபம் பண்ணலாமா ஐயா? அது நல்லா இருந்தா இவனும் நல்லா இருப்பானா?" என்று கேட்டார்கள். காணிக்கை உறையின் பின்பக்கத்தில் 29:7 என்று எழுதித் தரச் சொல்லி வாங்கிப் போனார்கள், மகனுக்கு அனுப்ப.

சகோதரி, அந்த அம்மாவுக்குக் கிடைத்ததும் ஆறுதல்தான். விளக்கத்தின் வழியாகத்தான் கிடைத்தது. வயலைக் காட்டுவதும் சோறு போடுவதும் இரண்டு வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

தாமிரபரணிக்கரை ஐயாவுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா பேசி முடித்ததும் எரேமியா முதலில் சொல்வது என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். பொய் என்று உடனே அடிக்கவில்லை. அப்படி நடந்தால் நன்றாக இருக்குமே என்று அவருக்கும் ஆசை இருந்தது. பிறகுதான் மறுக்கிறார். உங்கள் முதல் பதிவில் அந்த ஆமென் இல்லை. ஜனங்களின் ஆசைக்கு ஆமென் சொல்லத் தெரியாதவர் எழுபது வருஷத்தைச் சொன்னால் அது கல்லாகத்தான் விழும்.

தாமிரபரணிக்கரை | ஜனவரி 4, காலை 5.40

நீங்கள் சொல்லும் 28-ஆம் அதிகாரத்தின் ஆறாம் வசனத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். அதில் எரேமியாவின் ஏக்கம் எனக்குப் படவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

மல்லிகைப்பந்தல் சகோதரிக்கு: ஆகஸ்டீன் அந்த மூன்றையும் சொன்னது உண்மை, ரோமப் பேச்சாளர் சிசரோவிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் மூன்றில் கற்பிப்பது கட்டாயத் தேவை என்று அதற்கு முதலிடம் கொடுத்தார். உள்ளத்தை அசைப்பது எளிது. எதை நோக்கி அசைக்கிறோம் என்பதுதான் கேள்வி. அதற்காக உங்கள் எட்டு மாதத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உங்கள் போதகர் அந்த நள்ளிரவுக்குப் பிறகு என்ன செய்தார்?

மல்லிகைப்பந்தல் | ஜனவரி 4, காலை 11.25

மருத்துவமனைக்குப் பதினொரு முறை வந்தார். நான் எண்ணியிருக்கிறேன். கடைசி இரண்டு முறை பஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிளில், மழையில். ஒருநாளும் 29:11-ஐ எடுக்கவில்லை. நாங்கள் சொல்லும்போது கூடச் சொல்வார், அவ்வளவுதான். அவர் வாசித்தது 130-ஆம் சங்கீதம். "ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர் என்று வருமே, அந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒருமுறை வாசிப்பார். விளக்கம் எதுவும் சொன்னதில்லை. வாசித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். இரவெல்லாம் விழித்திருந்த எங்களுக்கு ஜாமக்காரர் யாரென்று விளக்கவேண்டியதே இல்லை.

அனனியா யாருடைய கட்டில் ஓரத்திலாவது உட்கார்ந்தானா ஐயா?

தாமிரபரணிக்கரை | ஜனவரி 4, பகல் 12.10

இல்லை. உங்கள் போதகரைப் பற்றி அப்படி ஓர் எண்ணம் வரும்படி எழுதியதற்கு வருந்துகிறேன். அவர் விஷயத்தில் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் கேட்ட பிரசங்கத்தைப் பற்றிச் சொன்னதை விட்டுக்கொடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் வாசிக்க 130-ஆம் சங்கீதத்தைத் தெரிந்தெடுக்கத் தெரிந்த மனிதர், டிசம்பர் 31 இரவும் அதையே தெரிந்தெடுத்திருக்கலாம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் விடியலுக்குக் காத்திருந்தார்களோ. ஆலயத்தில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று என்று நாம் ஏன் வைத்திருக்கிறோம்?

கடலோரப் பங்கு | ஜனவரி 4, பிற்பகல் 1.00

எங்கள் அடக்கத் திருப்பலிகளில் அந்தச் சங்கீதம் வழக்கமாக ஒலிப்பது. புத்தாண்டுக்கு யாரும் எடுத்து நான் கேட்டதில்லை. எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

எழுப்புதல் | ஜனவரி 4, பிற்பகல் 1.35

சபை ஊழியர் ஐயா, சனிக்கிழமை இரவு வெட்டிவிடுவேன் என்றீர்களே, ஆவியானவர் கொடுத்ததையும் வெட்டிவிட மாட்டீர்களா? அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் திங்கள் முதல் வியாழன்வரை நீங்கள் செய்வதையும் காத்திருத்தல் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

சபை ஊழியர் | ஜனவரி 4, இரவு 9.15

வெட்டியதில் சில ஞாயிறு காலை பீடத்தில் நிற்கும்போது தானாகத் திரும்பி வந்ததுண்டு சகோதரரே. அப்போது தடுத்ததில்லை.

மல்லிகைப்பந்தல் | ஜனவரி 5, காலை 6.20

அட்டை இன்னும் என் பைபிளில்தான் இருக்கிறது. எடுக்கமாட்டேன். எங்கள் போதகர் அன்று பிரசங்கித்தது தவறு என்றும் சொல்லமாட்டேன்.

நேற்று இரவு அந்தக் கடிதத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். ஆறாம் வசனத்தில், உங்கள் குமாரத்திகளைப் புருஷருக்குக் கொடுங்கள் என்று இருக்கிறது. சிறையிருப்பிலேயே, திரும்பி வரும்வரை காத்திருக்காமல். என் மூத்தவளுக்கு மார்ச்சில் ஒரு வரன் வந்தது. அவருடைய உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டோம். பிறகு அவர் இல்லாமல் எப்படி என்று நான் தள்ளிப்போட்டேன். அந்த வீட்டார் இன்னும் காத்திருக்கிறார்கள். இன்று சாயங்காலம் என் அண்ணனிடம் பேசப் போகிறேன்.