ஆத்தங்குடித் தரைக்கு எந்தச் சுவர் நிறம் பொருந்தும்?

வணக்கம். காரைக்குடி அருகே எங்கள் ஆயா வீட்டு முகப்பைச் சீர்செய்து வருகிறோம். தரை முழுவதும் பழைய ஆத்தங்குடிக் கற்கள். கண்ணாடிப் பலகையின் மேல் சிமெண்டும் நிறக்கலவையும் ஊற்றிக் கையால் வார்த்தவை, சூளையில் சுடாதவை. அமிலம் கலந்த திரவம் பட்டால் பாழாகிவிடும் என்பதால் துடைக்கத் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும்தான். கூடத்தின் அழகே இந்தத் தரைதான். மற்றவை அதற்கு அடங்கி நிற்க வேண்டும்.

சுவருக்குத் தூய வெள்ளை வேண்டாம், கண் கூசும். தந்த நிறமா, வெளிர் சந்தனமா? பெயிண்டர் ஒரு சுவரை மட்டும் அடர்பச்சையாக்கச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அடியில் இருப்பது பழைய சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். சுண்ணாம்பிலேயே நிறம் கலந்து அடித்தவர்கள் இருந்தால், கலவை விகிதத்தைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

தேக்குத் தூண்களின் வார்னிஷை உரித்து எண்ணெய் மட்டும் பூசினால் தூசி ஒட்டுமா? விளக்குக்கு 2700 கெல்வின் மஞ்சள் ஒளி போதுமா, 3000 வேண்டுமா?

தை மாதம் தங்கையின் நிச்சயதார்த்தம் இங்கேதான். இதுபோன்ற வீடு வைத்திருப்பவர்கள் படம் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.